கம்தாவைச் சாகடிக்க மறுத்த கதை

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் மனதில் ஊறி வந்ததல்ல. சுகாதார நிலையத்து நர்ஸ் பிம்பா கேட்டு வாங்கியது. இரண்டு பக்கம் போதும் என்றாள். காலையில் ஊர் ஒலிபெருக்கியில் வாசிக்கிற மாதிரி இருக்க வேண்டும், பச்சை மீன் தின்றவன் கடைசியில் சாக வேண்டும். அவ்வளவுதான் நிபந்தனை.

"நீங்கதான் எழுதணும்க்கா. ஊர்ல யாரு செத்தாலும் நீங்கதானே எழுதுறீங்க" என்றாள்.

அது சரிதான். எங்கள் பக்கத்தில் சிதைக்குத் தீ வைப்பதற்கு முன்னால் செத்தவரின் வாழ்க்கையை எழுதி மைக்கில் வாசிப்பார்கள். இருபது வருஷமாக எங்கள் ஊரில் அதை எழுதுகிறவள் நான். பெயர் சம்லி, வயது ஐம்பத்து நான்கு, வீடு வீடாகப் போகிற சுகாதாரத் தொண்டர். ஒலிபெருக்கியில் காலை அறிவிப்பு வாசிப்பதும் நான்தான். முப்பது சாவுக்கு மேல் எழுதியிருக்கிறேன். பிறந்தார், படித்தார், மணந்தார், பாங்காக்கில் டாக்சி ஓட்டினார், திரும்பி வந்தார், நோயுற்றார், காலமானார். அந்த 'நோயுற்றார்' என்ற சொல்லுக்கு அடியில் பாதிக்கு மேல் ஒரே நோய்தான். ஈரலுக்குள் போகிற பித்தக் குழாயில் புழு, புழு வருஷக்கணக்கில் குடியிருந்த இடத்தில் புற்று. ஒரு தடவைகூட நான் அதை எழுதியதில்லை. சாவு வீட்டில் அதைச் சொல்வது மரியாதை இல்லை என்று விட்டுவிடுவேன்.

"யாரைச் சாகடிக்கட்டும்?" என்று பிம்பாவிடம் கேட்டேன்.

"பேரெல்லாம் வேணாம்க்கா. ஓர் ஊரில் ஒருவன்னு போட்டுருங்க."

அந்த ஒருவன் யார் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். என் அண்ணன் கம்தா. ஸ்கேனில் அவன் ஈரலின் வலது பக்கம் ஒரு நிழல் தெரிந்து, திங்கட்கிழமை அறுவைக்கு நாள் குறித்திருக்கிறார்கள். பிம்பா கெட்டவள் இல்லை. ஊர் பிழைக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. அதற்கு ஒரு பிணம் தேவைப்படுகிறது, அவ்வளவுதான். ஆனால் உயிரோடு சோறு தின்றுகொண்டிருக்கிற என் அண்ணனை அதற்காக நான் கொடுக்க முடியாது.

2

இருந்தாலும் எழுதிப் பார்த்தேன்.

முதல் தொடக்கம்: "சீ என்கிற ஆற்றின் கரையில் ஓர் ஊர். அங்கே ஒருவன் இருந்தான். அவன் பெரியவர்கள் சொல் கேளாமல் தினமும் பச்சை மீனும் சாராயமுமாக—"

நிறுத்திவிட்டேன். தினமும் இல்லை. வலையில் நல்ல கெண்டை சிக்கிய நாளில், நடவு முடிந்த நாளில், வெளியூரிலிருந்து ஆள் வந்த நாளில். குடிகாரனும் இல்லை. (குடிகாரனாக இருந்தால் பிம்பாவுக்கு வசதி. கேட்கிறவர்களுக்கும் வசதி, 'நாம் அப்படி இல்லையே' என்று காதைத் திருப்பிக்கொள்ளலாம்.)

இரண்டாம் தொடக்கம்: "ஈரல் என்பது நமது உடலின் மிகப் பெரிய உள்ளுறுப்பு. அது பித்தநீரைச் சுரந்து—"

இதை மைக்கில் போட்டால் தெருநாய்கூடத் தலை தூக்காது. ஆனாலும் இதில் ஒரு விஷயத்தை மட்டும் எடுத்து வைத்துக்கொள்கிறேன். பல் வலித்தால் ஊரைக் கூட்டும். வயிறு வலித்தால் வீட்டைக் கூட்டும். ஈரல் பாதி கெட்டாலும் முனகாது. கண் மஞ்சளாகி, மூத்திரம் கறுத்துப் போய், உடம்பெல்லாம் அரிப்பெடுத்து ஒருவன் என்னிடம் வருகிறபோது பெரும்பாலும் நாள் கடந்திருக்கும். பிறகு எனக்கு எழுத்து வேலைதான் மிச்சம்.

மூன்றாம் தொடக்கத்தை நான் எழுதவில்லை. மேசையில் கிடந்த தாளை, ஓரத்தில் அந்த ஒருவனுக்கு நான் குறித்துவைத்திருந்த அடையாளங்களோடு சேர்த்து, அண்ணன் எடுத்து வாசித்துவிட்டான்.

"யாருடி இந்த ஒருத்தன்?"

"யாருமில்ல. கதை."

"ஆத்தங்கரை வீடு, கெண்டை வலை, வலது காது மந்தம். ஊர்ல எனக்கு மட்டுந்தான் வலது காது மந்தம்."

"காதை அடிச்சிடுறேன்."

"காது இருக்கட்டும். அந்த ஒருத்தனை அடி. அப்பன் எனக்குக் கம்தான்னு பேரு வச்சிருக்கான். செத்தா மைக்ல பேரைச் சொல்லி வாசிப்ப, உசுரோட இருக்கையில நான் ஒருத்தனா?"

பேனாவைப் பிடுங்கி என் வரிகளுக்குக் கீழே அவனே எழுதினான். அதைத் திருத்தாமல் அப்படியே தருகிறேன்: "கம்தா நல்லா மீன் பிடிப்பான். அவன் தங்கச்சி எழுதுறதை அப்படியே நம்ப வேண்டாம்."

3

இனி நடந்தது.

குளிர் விடத் தொடங்கிய நாட்களில் மூன் மாமா செத்துப்போனார். எங்களுக்குத் தூரத்துச் சொந்தம், அண்ணனுக்கு மீன்பிடிக் கூட்டாளி. நான்கு மாதம் மஞ்சளாகிக் கிடந்தார். கடைசியில் வயிறு மட்டும் பெரிதாக இருந்தது, மற்றதெல்லாம் எலும்பு. நான் அவருடைய வாழ்க்கையையும் எழுதினேன். 'நோயுற்றார்' என்று எழுதினேன்.

வாசலில் சவப்பெட்டி. பெட்டிக்கு முன்னால் பிக்குகள் ஓதிக்கொண்டிருக்கிறார்கள். வீட்டுக்குப் பின்னால் மாமரத்தடியில் சத்தம் கேட்டது. மரப்பலகையில் கத்தி விழுகிற சத்தம். பந்தல் போட வந்தவர்கள், விறகு பிளந்தவர்கள், எல்லா ஆண்களும் வட்டமாக உட்கார்ந்து கெண்டை கொத்திக்கொண்டிருந்தார்கள். சாவுக்கு உழைக்க வந்தவர்களுக்குப் பச்சை மீன் கோய் போடாவிட்டால் அந்த வீட்டுக்குக் கெட்ட பேர். மீன் மூன் மாமாவின் குளத்து மீன்.

(கோய் என்றால் தெரியாதவர்களுக்கு மட்டும்: பச்சைக் கெண்டையைப் பொடியாகக் கொத்தி, எலுமிச்சை பிழிந்து, மிளகாய்த் தூளும் வறுத்த அரிசிப் பொடியும் போட்டு, சிவப்பு எறும்பையும் கலந்து பிசைவது. எலுமிச்சை பட்டதும் சதை வெளுக்கும். வெந்துவிட்டது என்பார்கள். எலுமிச்சைக்கு அடுப்பு வேலை தெரியாது. புழுவின் குஞ்சு அந்தப் புளிப்பில் குளித்துவிட்டு நேராக ஈரலுக்கு நடக்கும்.)

கத்தி அண்ணன் கையில் இருந்தது.

"அண்ணா, நாளைக்குக் கோயில் வாசலுக்கு ஸ்கேன் வண்டி வருது. உன் பேரைச் சேத்திருக்கேன்."

"எடுத்துடு."

"முன்னாடி யாரு படுத்திருக்கான்னு பாத்துட்டுப் பேசு."

"மாமாவுக்கு விதி முடிஞ்சுது. இது பத்து வருஷம் மாத்திரை தின்ன உடம்பு. எந்தப் புழு இருக்கும்?"

அவன் மட்டுமல்ல, எங்கள் ஊர் ஆண்கள் எல்லோரும் சொல்கிற நியாயம் இது. சுகாதார நிலையத்தில் புழு மாத்திரை கொடுக்கிறோம். மாத்திரை போட்ட மறுநாள், பாத்திரம் கழுவிக் கவிழ்த்தாயிற்று, இனி மறுபடி சமைக்கலாம் என்கிற நிம்மதியோடு மீன் கொத்த உட்காருவார்கள். மாத்திரை புழுவைக் கொல்லும். புழு வருஷக்கணக்கில் புண்ணாக்கிய குழாயை அது புதிதாக்கித் தராது. இதை எத்தனை தடவை மைக்கில் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

வட்டத்திலிருந்து ஒருவன் சொன்னான்: "சம்லி, பொம்பளைங்களுக்கு வேகவச்சது அந்தப் பக்கம் இருக்கு. இங்க நின்னு எங்க பசியைக் கெடுக்காத."

நான் அங்கேயே உட்கார்ந்தேன். கூடையைத் திறந்து ஒட்டரிசிச் சோற்றை ஒரு உருண்டை பிடித்தேன். அண்ணனுக்கு முன்னால் இருந்த சட்டியில் தோய்த்து வாயில் போட்டேன்.

"ஏய், துப்பு" என்றான் அண்ணன்.

நான் மென்றேன்.

"துப்புடி."

"எலுமிச்சையில வெந்துடுச்சுன்னியே. உனக்கு வெந்தது எனக்கு வேகாதா?"

இரண்டாவது உருண்டை பிடித்தேன். அவன் என் மணிக்கட்டைப் பிடித்தான். கத்தி பிடித்த கை, மீன் நாற்றம், நல்ல இறுக்கம்.

"நாளைக்கு வண்டிக்கு வர்றியா, இல்ல சட்டிய நான் முடிக்கட்டுமா?"

அவன் சட்டியை எடுத்து மாமரத்து வேரில் கவிழ்த்தான். கோழிகள் ஓடி வந்தன. மறுநாள் காலை ஸ்கேன் வண்டிக்கு முன்னால் முதல் ஆளாக நின்றான், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

[இந்தப் பகுதியை வாசித்துவிட்டுப் பிம்பா தலையில் கை வைத்தாள். "தொண்டரே தின்னா ஜனங்க என்னக்கா நினைப்பாங்க? இதை எடுத்துருங்க." எடுக்கவில்லை. அதோடு இன்னொன்றும் சேர்க்கிறேன். முப்பது வயதில் விட்டதை இருபத்து நான்கு வருஷம் கழித்து அன்றைக்குத் தின்றேன். ருசியாக இருந்தது. நாம் அச்சடிக்கிற தாள்களில் பச்சை மீனைப் பேய் மாதிரி வரைகிறோம். தின்றவனுக்கு அது பேய் இல்லை என்று தெரியும். அந்த இடத்திலேயே தாளை மடித்துப் புகையிலை சுற்றிவிடுகிறான். ருசியாகத்தான் இருக்கும், ருசியாக இருந்துகொண்டேதான் கொல்லும் என்று யாராவது ஒருவர் எழுத வேண்டாமா? எனக்குப் புழு வந்ததா என்று கேட்காதீர்கள். அது என் ஈரல், நான் பார்த்துக்கொள்கிறேன்.]

4

வண்டிக்குள் கருவியை அவன் விலாவில் உருட்டிக்கொண்டே ஊர்க்கதை கேட்டுக்கொண்டிருந்த டாக்டர் பெண், வலது பக்கம் வந்ததும் கேள்வியை நிறுத்திவிட்டாள். அந்த மௌனத்தை அண்ணன் மந்தக் காதிலும் கேட்டிருப்பான்.

பிறகு நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரி. அங்கே அறுவை டாக்டர் எங்களை எதிரே உட்கார வைத்து நிதானமாகப் பேசினார்.

"கண்ணு மஞ்சளாகறதுக்கு முன்னாடியே வந்திருக்கீங்க. வலது பக்கத்தை எடுத்துடலாம். மிச்சம் இருக்கிறது வளந்துக்கும்."

"வளருமா? பல்லி வாலு மாதிரியா?" என்றான் அண்ணன்.

"பல்லி வாலைவிட ஒழுங்கா வளரும். ஆனா ஒண்ணு. திறந்து பாத்தாத்தான் நிச்சயமாத் தெரியும். படத்துல தெரியாம வேற எங்கயாவது பரவியிருந்தா, எதையும் தொடாம மூடிடுவோம்."

ஊருக்கு இது போதாதா? கத்தி பட்டால் உள்ளே காற்றுப் புகும், காற்றுப் பட்டால் புற்று ஓடிப் பரவும் என்று வாசலுக்கு வாசல் பேச்சு. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. நாள் கடந்து போனவர்களைத் திறந்து பார்த்து மூடி அனுப்புவார்கள், அவர்கள் இரண்டு மாதத்தில் சாவார்கள், பழி கத்தி மேல் விழும். இப்படித்தான் அந்தப் பேச்சு பிறந்தது. இதை விளக்கமாக அண்ணி புவாலியிடம் சொன்னேன். அவள் மிளகாய் காம்பு கிள்ளிக்கொண்டே கேட்டாள்.

"அறுத்தவங்களும் செத்தாங்க, அறுக்காதவங்களும் செத்தாங்க. அப்புறம் எதுக்கு அந்த மனுசனை அறுக்கணும் சம்லி?"

'பிழைத்த ஆள் நம் ஊரில் ஒருவர்கூட இல்லை அண்ணி, அதனால்தான்' என்று சொல்லத் தோன்றியது. அது பதிலாகாது. மிளகாயில் பாதியை நான் கிள்ளிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

5

இந்த இடத்தில் கதை நன்றாகப் போகிறது என்று நினைக்கிறீர்கள். நானும் நினைத்தேன். ஆனால் ஒரு பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கம்தா மேல் இல்லை. அந்தத் தொண்டர் மேல். அவள் ரொம்ப நல்லவளாக இருக்கிறாள். அண்ணனுக்காகப் பச்சை மீனைத் தின்கிறாள், ஊரை எதிர்க்கிறாள், நர்ஸிடம் வாதாடுகிறாள். இப்படி ஒருத்தி எந்த ஊரில் இருக்கிறாள்?

மூன்று வருஷத்துக்கு முன் எங்கள் ஊர் எல்லையில் ஒரு பலகை வைத்தார்கள். அதில் பச்சை எழுத்தில்—

மூன்று வருஷத்துக்கு முன் சுகாதாரத் துறையிலிருந்து—

என் அண்ணி புவாலி ஒருநாள் சிரித்துக்கொண்டே—

[மூன்று வரியும் அப்படியே கிடக்கட்டும். பலகையைப் பற்றி எழுதாமல் கதையை முடிக்க முடியுமா என்று பார்த்தேன். தாராளமாக முடியும். யாருக்கும் தெரியாது. தெரியாது என்பதால்தான் கை ஓடவில்லை.]

சனிக்கிழமை மத்தியானம் அண்ணன் வந்தான். அதுவரை எழுதியதை வாங்கிப் படித்தான். விரலை வரிக்கு வரி நகர்த்தி மெதுவாகப் படிப்பான்.

"நல்லாத்தான் எழுதியிருக்க, உன்னைய."

"என்னையவா?"

"பின்ன? படிச்சா உனக்குக் கோயில் கட்டணும் போல இருக்கு. டப்பா கதை எங்க?"

தாளைத் திரும்ப வாங்கக் கை நீட்டினேன், அவன் தரவில்லை.

டப்பா கதை இதுதான். மழைக்கு முன்னால் வருஷா வருஷம் வீட்டுக்கு வீடு மூடிபோட்ட சின்ன டப்பாக்கள் கொடுப்போம், ஆளுக்கு ஒன்று, பெயர் ஒட்டி. மறுநாள் காலை அவரவர் மலத்தில் கொஞ்சம் எடுத்துத் தர வேண்டும். புழு முட்டை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஊரில் ஒருவருக்கும் இல்லை என்றால், 'ஈரல் புழு இல்லாத ஊர்' என்று பலகை. அந்த வருஷம் எல்லா வீடும் சுத்தம், ஒரு வீட்டைத் தவிர. நான் மைக்கில் சொன்னேன்: இன்னும் ஒரே ஒரு வீடுதான் பாக்கி, அதுவும் சுத்தமானால் நம் ஊருக்குப் பலகை. ஒரு வாரம் கழித்து அந்த வீட்டிலிருந்து இரண்டு டப்பா வந்தது. இரண்டும் சுத்தம். பிறகு அண்ணி சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்: "உங்கண்ணனுக்கும் சேத்து நானே ரெண்டு டப்பாவுக்குப் போக வேண்டியிருக்கு." நானும் சிரித்தேன். சிரித்துவிட்டுப் பட்டியலில் 'இல்லை' என்று எழுதினேன். அடுத்த வருஷமும் எழுதினேன். அதற்கடுத்த வருஷமும். பலகை திறப்பு விழாப் படத்தில் நடுவில் நிற்கிறவள் நான்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது பெரிய வித்தை இல்லை, ஊரே சேர்ந்து சோறு போட்டால்.

முட்டை இல்லை என்று எழுதப்பட்டவனை யாரும் மாத்திரைக்குக் கூப்பிட மாட்டார்கள். ஸ்கேனுக்கும் கூப்பிட மாட்டார்கள். மூன்று வருஷம் அவனை யாரும் கூப்பிடவில்லை. நிழல் அப்போதே இருந்திருக்குமா என்று பெரிய ஆஸ்பத்திரி டாக்டரைத் தனியாகக் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். வெட்கமாக இருக்கிறது. அழுகைகூட வரவில்லை, வெட்கம்தான்.

"ஏன் அப்படிப் பண்ண?" என்று அண்ணனைக் கேட்டேன். இவ்வளவு நாள் கழித்து.

"தங்கச்சி மைக்ல கேக்குறா. ஊரு பூரா என் வீட்டையே பாக்குது. குடுத்தேன்."

"நான் அண்ணியோடதைக் கேக்கலையே."

"நீ பூஜ்யம் கேட்ட. என்கிட்ட இல்ல. அவகிட்ட இருந்துச்சு."

"எனக்குத் தெரியும்னு உனக்குத் தெரியுமா?"

"அடுத்த வருஷம் டப்பாவ வாங்கறப்ப நீ என் மூஞ்சியப் பாக்கல. சின்ன வயசுலேர்ந்து நீ திருடினா அப்படித்தான்."

தாளை மடித்து என்னிடம் கொடுத்தான்.

"இதையும் போடவா?"

"என் பேரைப் போட்டல்ல. உன் பேரையும் போடு."

போட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை இதுவரைக்கும் உள்ளதை நானே ஒலிபெருக்கியில் வாசித்தேன். இரண்டு பக்கத்துக்குப் பதில் இருபது நிமிஷம். பிம்பா ஓடி வந்து, "பலகைய எடுக்கச் சொல்லிடுவாங்கக்கா" என்றாள். எடுக்கட்டும் என்றேன். ஊர்த்தலைவர் என்னோடு பேசவில்லை. தொண்டர் வேலை போகலாம் என்கிறார்கள். மதியம் கடைசி வீட்டுப் பெரியவர் வேலியோரமாக வந்து நின்று, மெதுவாக, "எனக்கொரு டப்பா குடு, போன தடவை குடுத்தது மருமகளோடது" என்று வாங்கிப்போனார். ஒரே ஒருவர்தான். மற்றவர்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள்.

6

முடிவுகள். கேட்டுக் கேட்டு எல்லோரும் ஆளுக்கு ஒன்று கொடுத்திருக்கிறார்கள்.

பிம்பாவின் முடிவு: "அவன் இறந்தான். அவன் சாவைக் கண்டு ஊர் திருந்தியது." இதைவிடப் பெரிய பொய்யை நான் கேட்டதில்லை. முப்பது பேர் செத்திருக்கிறார்கள். முப்பது சாவிலும் வீட்டுக்குப் பின்னால் கத்திச் சத்தம் கேட்டது. சாவைப் பார்த்துத் திருந்துகிற ஊராக இருந்தால் மூன் மாமாவுக்கு முன்னாலேயே திருந்தியிருக்கும்.

ஊரின் முடிவு: கம்தா கத்திக்கு ஒப்பவில்லை. காட்டு வேர் ஒன்றைக் காய்ச்சிக் குடித்தான். தொண்ணூறு வயதுவரை மீன் பிடித்தான். எழுதுவதற்கு இனிமையான முடிவு. வேரின் பெயரை மட்டும் யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.

கம்தாவின் முடிவு, அவன் சொன்னபடியே: "பாதி ஈரலோட வருவேன். மிச்சம் வளர்ற வரைக்கும் உன் வீட்டுலதான் சோறு. நீ கெண்டைய வேகவச்சுக் கொழம்பு வப்ப. ஈரத்துணிய மெல்லுற மாதிரி இருக்குன்னு நான் திட்டிக்கிட்டே திம்பேன். நீயும் திட்டுவ. அப்படியே பத்து வருஷம் ஓட்டிடலாம்."

இதுதான் எனக்கு வேண்டும். வேறெதுவும் வேண்டாம். அதனால்தான் இதை எழுதப் பயமாக இருக்கிறது.

7

இப்போது திங்கட்கிழமை. அறுவைக் கூடத்துக்கு வெளியே நீல நாற்காலியில் உட்கார்ந்து மடியில் வைத்து எழுதுகிறேன். பக்கத்தில் அண்ணி. கையில் புத்தர் தாயத்துக் கயிறு, வாயில் முணுமுணுப்பு. அவள் இங்கே வந்து உட்கார்ந்ததே பெரிய காரியம்.

காலை எட்டு மணிக்கு அவனைத் தள்ளிக்கொண்டு போனார்கள். வாசலில் வண்டியை ஒரு கணம் நிறுத்தச் சொல்லி, நல்ல காதை என் பக்கம் திருப்பினான்.

"பயமா இருக்கா?" என்றேன்.

"இருக்கு. உனக்கு?"

"எனக்கும்."

"சரி. நான் வந்து வாசிக்கிற வரைக்கும் முடிவ எழுதாத. நீ அவசரக்காரி."

கதவு மூடியது. டாக்டர் முன்பே தெளிவாகச் சொல்லியிருந்தார். எடுக்க முடிந்தால் ஆறு மணி நேரமாவது ஆகும். ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்தில் கூப்பிட்டால், திறந்து பார்த்து மூடிவிட்டோம் என்று அர்த்தம். ஆகவே நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான்: எத்தனை மணிக்குக் கதவு திறந்தது.

திறந்துவிட்டது. பச்சை உடுப்பில் ஒரு நர்ஸ் வந்து, "கம்தா வீட்டுக்காரங்க யாரு?" என்று கேட்கிறாள். அண்ணி எழுந்துவிட்டாள். இந்தக் கடைசி வரிகளை நின்றுகொண்டே எழுதுகிறேன்.

உங்களுக்கு மணி தெரிய வேண்டும். எதற்கு? உங்களை எனக்குத் தெரியும். அவன் பிழைத்தான் என்று எழுதினால், 'அறுத்தா சரியாயிடுது பாரு, ஈரல் வளந்துக்குதாம்' என்று சொல்லிக்கொண்டு நாளைக்கே கெண்டை கொத்துவீர்கள். செத்தான் என்று எழுதினால், 'விதி' என்று சொல்லி அவன் சாவுக்கு வந்து, அவன் வீட்டுக்குப் பின்னாலேயே உட்கார்ந்து கொத்துவீர்கள். எந்த முடிவைக் கொடுத்தாலும் அதைத் தொட்டுக்கொண்டு தின்ன உங்களுக்குத் தெரியும். இருபது வருஷமாக ஒவ்வொரு சாவுக்கும் ஒழுங்காக முடிவு எழுதிக் கொடுத்தேன். அதனால் யார் ஈரலும் பிழைக்கவில்லை.

சுவரில் கடிகாரம் இருக்கிறது. நான் பார்த்துவிட்டேன். என்ன மணி என்று சொல்ல மாட்டேன்.

அண்ணி என் கையைப் பிடித்து இழுக்கிறாள். நான் போகிறேன். நீங்கள் எழுந்து போய் அடுப்பைப் பற்றவையுங்கள்.